வரிப் படிவத்தில் ஒரு நன்கொடைக் கட்டம்: முன்னாள் படைவீரர் இல்லங்களுக்கு ரீஃபண்டிலிருந்து தருவது எப்படி

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் முந்தைய ஆண்டின் வருமானத்துக்கான வரிக் கணக்கை ஏப்ரல் 15க்குள் தாக்கல் செய்ய வேண்டும். கூட்டாட்சி அரசுக்கு ஒரு படிவம். வருமான வரி விதிக்கும் மாநிலமாக இருந்தால் மாநில அரசுக்கு இன்னொன்று. பெரும்பாலோர் முதல் படிவத்தில்தான் கவனம் செலுத்துகிறார்கள். மாநிலப் படிவத்தை நிரப்பும் நேரத்தில் களைப்பு வந்துவிடுகிறது. அந்தக் களைப்பில் பலரும் படிக்காமலே கடந்து போகும் ஒரு பகுதியைப் பற்றியது இந்தக் கட்டுரை. வரி செலுத்துபவர் விரும்பினால், அந்தப் படிவத்தின் வழியாகவே சில பொது நோக்கங்களுக்கு நன்கொடை தரலாம். நியூயார்க் மாநிலத்தில் அந்த நோக்கங்களுள் ஒன்று, முதிய மற்றும் உடல் நலிந்த முன்னாள் படைவீரர்கள் தங்கியிருக்கும் மாநில அரசு இல்லங்கள்.

நியூயார்க்கில் வசிப்பவர் நிரப்பும் படிவத்தின் எண் ஐடி-201. நன்கொடை தர விரும்புபவர் அதனுடன் ஐடி-227 என்ற தனித் தாளையும் இணைக்க வேண்டும். அந்தத் தாளில் இருபதுக்கும் மேற்பட்ட நிதிகளின் பெயர்கள் இருக்கின்றன: வனவிலங்குப் பாதுகாப்பு, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி, அல்சைமர் நோய், பொது நூலகங்கள், தன்னார்வத் தீயணைப்போர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு காலிக் கட்டம் உண்டு. விரும்பிய கட்டத்தில் முழு டாலராகத் தொகையை எழுதலாம், எழுதாமலும் விடலாம். எழுதியவற்றின் கூட்டுத்தொகை முதன்மைப் படிவத்தின் நன்கொடை வரிசைக்குப் போய், செலுத்த வேண்டிய வரியுடன் சேர்கிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள் என்பதால், ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் ஆண்டு மாநில வரி 3,410 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நிறுவனம் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்து மாநில அரசுக்குக் கட்டிய தொகை மொத்தம் 3,640 டாலர். கூடுதலாகப் பிடித்த 230 டாலர் அவருக்கு ரீஃபண்டாகத் திரும்பி வர வேண்டும். அவர் முன்னாள் படைவீரர் இல்லங்களுக்கான கட்டத்தில் 25 என்று எழுதுகிறார். இப்போது அவர் கணக்கில் செலுத்த வேண்டிய மொத்தம் 3,435 டாலர் ஆகிவிடுகிறது. ரீஃபண்ட் 205 டாலராகக் குறைகிறது. வித்தியாசமான 25 டாலரை மாநில அரசு தன் பொதுக் கணக்கில் சேர்க்காமல் இல்லங்களுக்கென்று உள்ள தனி நிதியில் வரவு வைக்கிறது.

அதே மனிதருக்குப் பிடித்தம் குறைவாக, 3,300 டாலராக இருந்திருந்தால்? ரீஃபண்டுக்கு வழியில்லை; அவரே 110 டாலர் கட்ட வேண்டும். நியூயார்க்கில் அப்போதும் நன்கொடை எழுதலாம். ஆனால் கட்ட வேண்டிய தொகை 135 டாலர் ஆகும். ஆகவே, இது ரீஃபண்ட் வருபவர்களுக்கு மட்டுமான வசதி என்று பொதுவாகச் சொல்லப்படுவது நியூயார்க்கைப் பொறுத்தவரை சரியல்ல. ரீஃபண்ட் இருந்தால் பணம் கையை விட்டுப் போவது உறைக்காது, இல்லாவிட்டால் காசோலை எழுதும்போது உறைக்கும் என்பதே வேறுபாடு.

இரண்டு கணக்குகளிலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தரப்படுவது அரசுக்குச் சேர வேண்டிய வரியின் ஒரு பங்கு அல்ல, கொடுப்பவரின் சொந்தப் பணம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கூட்டாட்சிப் படிவத்தில் இதைப் போலவே தோன்றும் வேறொரு கட்டம் இருப்பதுதான். அதிபர் தேர்தல் பிரசார நிதிக்கு 3 டாலர் போக வேண்டுமா என்று அந்தப் படிவத்தின் தொடக்கத்திலேயே கேட்கப்படும். அதில் குறியிட்டால் வரியும் கூடாது, ரீஃபண்டும் குறையாது. ஏற்கெனவே கட்டிய வரியிலிருந்து 3 டாலரை அரசு அந்த நிதிக்கு ஒதுக்குகிறது, அவ்வளவுதான். அந்தக் கட்டத்துக்குப் பழகியவர்கள் மாநிலப் படிவத்தின் நன்கொடையையும் அப்படியே எண்ணிக்கொண்டு, எழுதிய தொகை ரீஃபண்டில் குறைந்ததும் திகைக்கிறார்கள். முதலாவது, அரசின் பணத்தை எங்கே போடலாம் என்று சொல்வது. இரண்டாவது, நம் பணத்தைக் கொடுப்பது.

இந்தப் பணம் போய்ச் சேரும் இல்லங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் அது குருட்டுத்தனமான கொடைதான். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் மருத்துவமனைகளையும் ஓய்வூதியங்களையும் கவனிப்பது கூட்டாட்சி அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறை. ஆனால் நீண்ட காலப் பராமரிப்பு தரும் இந்த இல்லங்களின் உரிமையும் நிர்வாகமும் மாநில அரசுகளுடையவை. 50 மாநிலங்களிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலுமாக இத்தகைய இல்லங்கள் 160க்கும் மேல் உள்ளன. இந்த ஏற்பாடு உள்நாட்டுப் போரின் காலத்திலிருந்தே வருவது. கனெக்டிகட் மாநிலத்தின் டேரியன் ஊரில் பெஞ்சமின் ஃபிட்ச் என்ற செல்வந்தர் 1864ஆம் ஆண்டு, போர் முடிவதற்கு முன்பே, படைவீரர்களுக்கு ஓர் இல்லம் அமைத்தார். போர் முடிந்த பின் காயம்பட்டும் வறுமையிலும் திரும்பியவர்களுக்காக மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இல்லங்களைத் தொடங்கின. 1888இல் கூட்டாட்சி அரசு, இல்லத்தில் தங்கும் வீரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 டாலர் வீதம் மாநிலங்களுக்கு உதவத் தொடங்கியது. அன்று தொடங்கிய அந்தப் பங்கீடுதான் பல மாற்றங்களுடன் இன்றும் தொடர்கிறது.

நியூயார்க்கில் ஐந்து இல்லங்கள் இருக்கின்றன. அவற்றுள் மூத்தது செனாங்கோ மாவட்டத்து ஆக்ஸ்ஃபோர்டில் 1897இல் திறக்கப்பட்டது. அதன் பின்னணி குறிப்பிடத்தக்கது. அதற்கு முன்பே பாத் என்ற ஊரில் ஒரு படைவீரர் இல்லம் இருந்தது, ஆனால் அங்கே ஆண்களுக்கு மட்டுமே இடம். வயதான வீரர் அங்கே போனால் மனைவி வெளியே நிற்க வேண்டும். முன்னாள் வீரர்களின் சங்கத்துக்குத் துணையாக இயங்கிய மகளிர் நிவாரண அமைப்பு இதை ஏற்க மறுத்து, கணவனும் மனைவியும் சேர்ந்தே தங்கவும், வீரர்களின் விதவைகளும் தாய்மார்களும் போரில் பணியாற்றிய செவிலியரும் தங்கவும் இடம் கேட்டுப் பெற்றதே ஆக்ஸ்ஃபோர்டு இல்லம். துணைவருக்கும், பணியில் மகனையோ மகளையோ பறிகொடுத்த பெற்றோருக்கும் இன்றுவரை இந்த இல்லங்களில் இடம் உண்டு என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மற்ற நான்கும் அண்மைக் காலத்தவை. லாங் ஐலண்டின் ஸ்டோனி புரூக்கில் உள்ள இல்லம் 1991இல் திறந்தது. ஐந்தில் அதுவே பெரியது, 350 படுக்கைகள் கொண்டது. அதை நடத்துவது மாநிலப் பல்கலைக்கழகம். மற்ற நான்கையும் நடத்துவது மாநிலச் சுகாதாரத் துறை. குவீன்ஸில் உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் இல்லம், மேற்கே பட்டேவியா இல்லம், ஹட்சன் ஆற்றங்கரைப் பகுதியின் மான்ட்ரோஸ் இல்லம் ஆகிய மூன்றும் கூட்டாட்சித் துறையின் மருத்துவ வளாகங்களை ஒட்டியே அமைந்தவை. ஐந்திலும் சேர்த்து 1,200 படுக்கைகள் அளவில் உள்ளன. இவை முதியோர் விடுதிகள் அல்ல, இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியர் பராமரிப்பு தரும் நிலையங்கள். பக்கவாதத்துக்குப் பின் நடை பழகுபவர், மறதி நோய் முற்றியவர், சர்க்கரை நோயால் காலை இழந்தவர் போன்றோருக்கானவை.

அப்படியானால் இவற்றின் செலவை யார் தாங்குகிறார்கள்? கட்டடம் கட்டவோ பெரிதாகப் புதுப்பிக்கவோ கூட்டாட்சி அரசு செலவில் 65 விழுக்காடு வரை மானியம் தருகிறது. மீதியை மாநிலம் போட வேண்டும். அந்த மானியத்தில் கட்டிய இல்லத்தில் தங்குபவர்களில் பொதுவாக நான்கில் மூன்று பங்கினராவது முன்னாள் வீரர்களாக இருக்க வேண்டும். அன்றாடப் பராமரிப்புக்கு, தகுதியுள்ள ஒவ்வொரு வீரருக்கும் நாள் வீதம் ஒரு தொகை கூட்டாட்சி அரசிடமிருந்து வருகிறது. பொதுவாக இந்தத் தொகை பராமரிப்புச் செலவில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்; பணியால் ஏற்பட்ட உடல் குறைபாடு 70 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் உயர்ந்த வீதம் உண்டு. எஞ்சியதைத் தங்குபவரின் சொந்த வருமானமும் ஓய்வூதியமும், முதியோருக்கான மெடிக்கேர், வருமானம் குறைந்தோருக்கான மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களும், மாநில அரசின் ஒதுக்கீடும் ஈடுசெய்கின்றன.

ஆக, வரிப் படிவத்தின் வழியே வரும் 10 டாலரும் 25 டாலரும் இந்த இல்லங்களை நடத்துவதில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்காவில் ஒரு செவிலியர் பராமரிப்பு நிலையத்தில் ஒருவரை ஓராண்டு வைத்துக்கொள்ள ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆவது இன்று சாதாரணம். அந்தக் கடலில் இந்த நன்கொடை ஒரு துளிதான். ஆனால் பெரிய மானியங்கள் எல்லாவற்றுக்கும் விதிகள் உண்டு: இது சம்பளத்துக்கு, இது கட்டடத்துக்கு, இது மருந்துக்கு என்று. அந்த விதிகளுக்குள் அடங்காத சிறு தேவைகள் எந்த இல்லத்திலும் இருந்துகொண்டே இருக்கும். சக்கர நாற்காலி ஏற்றக்கூடிய வாகனத்தில் ஒரு நாள் வெளியூர்ப் பயணம், பொதுக்கூடத்துக்கு நல்ல நாற்காலிகள், பார்வை மங்கியவருக்குப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் போன்றவற்றுக்கு மானியக் கோப்பில் இடம் தேடுவது எளிதல்ல. சிறு நன்கொடைகள் சேர்ந்த ஒரு நிதி இத்தகைய இடங்களில்தான் உண்மையில் பயன்பட முடியும் என்பது என் எண்ணம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1977இல் கொலராடோ மாநிலம் வேட்டைக்குரியவை அல்லாத வனவிலங்குகளுக்காக முதன்முதலில் இத்தகைய கட்டத்தை வரிப் படிவத்தில் சேர்த்தது. வேட்டை உரிமக் கட்டணத்தால் மான்களுக்கும் வாத்துகளுக்கும் பணம் கிடைத்தது. கழுகுக்கும் ஆந்தைக்கும் எதுவும் கிடைக்கவில்லை. இதற்கான தீர்வாகத்தான் அந்தக் கட்டம் பிறந்தது. அது வெற்றி பெற்றதும் மற்ற மாநிலங்களும் பின்பற்றின. நியூயார்க்கும் 1980களின் தொடக்கத்தில் வனவிலங்கு நிதியுடன்தான் ஆரம்பித்தது. பின்னர் ஒவ்வொரு நல்ல நோக்கத்துக்கும் ஒரு சட்டமன்ற உறுப்பினர் ஒரு கட்டம் கேட்க, பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. வளர வளர ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கும் கவனம் குறைந்தது. இதனால் சில மாநிலங்கள் குறைந்தபட்ச வரம்பு வைத்திருக்கின்றன: இல்லினாயில் ஓர் ஆண்டில் 100,000 டாலர் திரட்டாத நிதி படிவத்திலிருந்து நீக்கப்படும், கலிஃபோர்னியாவில் பொதுவான வரம்பு 250,000 டாலர். இது கடுமையாகத் தோன்றினாலும், யாரும் தொடாத கட்டங்களால் படிவத்தை நிரப்பி வைப்பதைவிட இது நேர்மையானது.

நியூயார்க் பட்டியலில் படைவீரர் தொடர்பான கட்டங்களே ஒன்றுக்கு மேல் இருப்பதால், அவசரத்தில் தவறான கட்டத்தில் எழுதிவிட வாய்ப்பு உண்டு. வீடற்ற முன்னாள் படைவீரர்களுக்கான நிதி வேறு. படைவீரர் நினைவிடம், கல்லறைப் பராமரிப்புக்கான நிதி வேறு. பணியில் இருக்கும் படையினரின் குடும்பங்களுக்கான நிதி வேறு. நாம் பேசுவது முன்னாள் படைவீரர் இல்லங்களுக்கான நிதியைப் பற்றி மட்டும். வீடற்றோருக்கான நிதியும் இல்லங்களுக்கான நிதியும் பெயரளவில் நெருங்கி நிற்பதால் அவை இரண்டையும் குழப்பிக்கொள்வதே அதிகம். முன்னது தெருவிலும் தற்காலிகத் தங்குமிடங்களிலும் இருப்பவர்களைப் பற்றியது. பின்னது செவிலியர் பராமரிப்பில் இருப்பவர்களைப் பற்றியது.

தமிழர்களில் கணிசமானோர் நியூஜெர்சியில் வசித்துக்கொண்டு நியூயார்க் நகரத்து அலுவலகங்களில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் நியூயார்க்கில் குடியிருக்காதவர்களுக்கான ஐடி-203 படிவத்தைத் தாக்கல் செய்கிறார்கள், அதனுடனும் ஐடி-227ஐ இணைக்கலாம். குடியுரிமை இதற்கு நிபந்தனை அல்ல. வேலை விசாவில் இருப்பவரும் வரி கட்டுகிறார் என்பதால் அவர் படிவத்திலும் அதே கட்டம் இருக்கும். வரி மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு அது பெரும்பாலும் ஒரு தனித் திரையாக, மாநிலப் பகுதியின் இறுதியில், எல்லாக் கட்டங்களிலும் பூஜ்யம் நிரம்பியபடி வரும். அந்தத் திரையில் எதையும் தொடாமல் ‘தொடர்க’ என்று அழுத்தினால் அந்தப் பூஜ்யமே பதிவாகும். மிகச் சிலரே நன்கொடை தருவதற்கு மனமின்மையைவிட இந்த அமைப்பே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். கணக்கரிடம் ஒப்படைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பெரும்பாலான கணக்கர்கள் தாங்களாகக் கேட்பதில்லை, வாடிக்கையாளரின் ரீஃபண்டைக் குறைக்கும் கேள்வியைக் கேட்க யாருக்குத்தான் ஆர்வம்?

தாக்கல் செய்த பிறகு மனம் மாறினால் என்ன செய்வது? எதுவும் செய்ய முடியாது. திருத்திய படிவத்தின் வழியே வரியைத் திருத்தலாம், ஆனால் நியூயார்க்கில் ஏற்கெனவே எழுதிய நன்கொடையைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஆகவே 25 என்று எழுத நினைத்து 250 என்று தட்டிவிடாமல், அனுப்புவதற்கு முன் அந்த ஒரு வரிசையை மட்டுமாவது திரும்பப் பார்ப்பது அவசியம்.

இந்த நன்கொடைக்கு வரிச் சலுகை உண்டா என்ற கேள்வி நம்மவர்களிடம் உடனே எழும். இந்தியாவில் நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பிரிவுக்குப் பழகிய மனம் அப்படித்தான் கேட்கும். இந்தியாவில் வருமான வரிப் படிவத்துக்குள்ளேயே நன்கொடை தரும் வசதி இல்லை. டிசம்பர் 7ஆம் நாள் சட்டையில் குத்தப்படும் சிறு கொடிக்கு ஈடாகப் பெறப்படும் கொடிநாள் நிதியைப் போல, முதலில் பணத்தைக் கொடுத்து, ரசீதை வைத்துக்கொண்டு, பின்னர் படிவத்தில் கழித்துக்கொள்வதே அங்குள்ள வழி. அமெரிக்காவில் மாநில அரசுக்குப் பொது நோக்கத்துக்காக மட்டும் தரப்படும் கொடையையும் கூட்டாட்சி வரிச் சட்டம் அறக்கொடையாகவே கருதுகிறது. ஆனால் அதைக் கழித்துக்கொள்வது அடுத்த ஆண்டின் கணக்கில். 2025 ஏப்ரலில் தாக்கல் செய்த 2024ஆம் ஆண்டுப் படிவத்தில் எழுதிய கொடை, 2025ஆம் ஆண்டுக் கொடை. அது 2026இல் தாக்கல் செய்யும் படிவத்தில் இடம்பெறும். அதிலும் ஒரு தடை உண்டு. வருமானத்திலிருந்து கழிக்கக்கூடிய செலவுகளை, அதாவது கழிவுகளை, ஒவ்வொன்றாகப் பட்டியலிடுபவர்களுக்கே 2025 வரை இது பயன்படும். அந்த ஆண்டில் தனிநபருக்கு 15,750 டாலரும் இணைந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 31,500 டாலரும் பட்டியல் இல்லாமலே நிலையான கழிவாகக் கிடைப்பதால், பெரும்பாலோர் பட்டியலிடுவதே இல்லை. 2026 முதல் பட்டியலிடாதவர்களும் தகுதியுள்ள பணக் கொடைகளில் தனிநபர் 1,000 டாலர் வரையும் தம்பதி 2,000 டாலர் வரையும் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 22 விழுக்காடு வரி வரம்பில் உள்ளவர் 25 டாலர் கொடுத்தால் வரியில் மிஞ்சுவது ஐந்தரை டாலர். அதற்காக யாரும் கொடுக்கப்போவதில்லை. இருந்தாலும் தாக்கல் செய்த படிவத்தின் நகலை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கொடுத்ததற்கான சான்று அதுவே.

இந்த முறையின் குறைகளையும் பார்க்க வேண்டும். கொடுப்பவர் தன் பணம் செயின்ட் ஆல்பன்ஸ் இல்லத்துக்குத்தான் போக வேண்டும் என்று குறிப்பிட முடியாது. அது பொதுவான நிதியில் சேர்ந்து, அரசு ஒதுக்கும்போதுதான் இல்லங்களுக்குப் போகும். இதைவிடப் பெரிய குறை, பணம் தேங்கி நிற்பது. படிவத்தின் வழியே திரளும் நிதிகளில் பெரும் பகுதி செலவழிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பதை நியூயார்க் மாநிலத்தின் தலைமைக் கணக்கு அதிகாரியே சுட்டிக்காட்டியிருக்கிறார். மக்கள் கொடுத்த பணத்தைச் செலவிட மாநிலச் சட்டமன்றத்தின் ஒதுக்கீட்டு அனுமதி வேண்டும். அனுமதி வந்தாலும் துறை திட்டமிட்டுச் செலவழிக்க வேண்டும். சிறு தொகை என்பதாலேயே இரண்டும் தள்ளிப்போகின்றன. வரி கட்டுபவர் ஒரே வரியில் முடித்த வேலையை அரசு பல ஆண்டுகள் இழுப்பதற்கு என்னால் எந்த நியாயமும் காண முடியவில்லை.

ஆகவே எப்போது இந்தக் கட்டத்தை நாடலாம், எப்போது வேண்டாம் என்பதற்கு என் நிலை இது. பத்து, இருபது டாலர் என்ற அளவில், தனியாக முகவரி தேடி அனுப்பப்போவதில்லை என்று தெரிந்தவர்களுக்குப் படிவத்தின் கட்டமே பொருத்தமானது. அது இல்லாவிட்டால் அந்தப் பணம் போகவே போகாது. நூறு டாலருக்கு மேல் தர நினைப்பவர்களும், ஒரு குறிப்பிட்ட இல்லத்தோடு தொடர்பு உள்ளவர்களும் நேரடியாக அந்த இல்லத்துக்கே தருவது நல்லது. ஐந்து இல்லங்களும் நேரடி நன்கொடைகளை ஏற்கின்றன. காசோலையை அனுப்புவதற்கு முன் இல்லத்தின் நிர்வாக அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, இப்போது எது தேவை என்றும், பணமாக வேண்டுமா பொருளாக வேண்டுமா என்றும், காசோலையை யார் பெயருக்கு எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.